முகம் பார்க்கும் போனும் அலுமினியப் பவுடரும்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். “அப்பா, உங்க ஸ்டேஷன் போன்ல ஒரு ஆளு மூஞ்சியைக் காமிச்சா, அவன் களவாணியா இல்லையான்னு அதுவே சொல்லிருமாமே, நெசமா?” என்றான் சின்னவன். “அது எப்படிலே சொல்லும்? அது போன்தான” என்றாள் பெரியவள். நான் ரசம் ஊற்றச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். பதில் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் சின்னவன் பாதியில் கை கழுவப் போய்விடுவான், பெரியவள் குறுக்குக் கேள்வி கேட்பாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அப்பா பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் இல்லை. போலீஸ் வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரம் தட்டச்சு. தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக, ஸ்டேஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கு என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். “விரலு பழகுன ஆளு நீ ஒருத்தந்தாம்ப்பா” என்றார் அப்போதிருந்த இன்ஸ்பெக்டர். விரல் மட்டும்தான் பழகியிருந்தது. மற்றதை மெதுவாகப் பழகிக்கொண்டேன். இன்றைக்குப் புகாரைப் பதிவேற்றுவது, கடைத்தெருக் கேமராவில் ஓட்டிப் பார்ப்பது, காணாமல் போன வண்டியின் நம்பரைத் தேடுவது எதுவானாலும், “ஏட்டையாவைக் கூப்பிடு” என்பார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். ஆனால் பெருமைதான், மறைத்து என்ன.

நீங்கள் கேட்ட அந்தப் போனுக்கு வருகிறேன். அதில் ஒரு செயலி இருக்கிறது. ஒருவரைப் படம் எடுத்தால், தமிழ்நாட்டு ஸ்டேஷன்கள் எல்லாம் ஏற்றி வைத்திருக்கிற படங்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். தேடப்படுகிறவர்களும் அதில் இருப்பார்கள், காணாமல் போனவர்களும் இருப்பார்கள். ஒத்துப்போகிற மாதிரி ஏதாவது இருந்தால் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ‘இந்த ஆள் அந்த ஆள் மாதிரித் தெரிகிறது, நீ பார்த்துக்கொள்’ என்கிறது. பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

அதனால் நல்லது நடக்காமல் இல்லை. ஒரு முறை சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் எங்கே போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்டால் சிரித்தார், ஊர் கேட்டால் அதற்கும் சிரித்தார். படம் எடுத்த கொஞ்ச நேரத்தில், ஆனைக்குட்டத்தில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் காணாமல் போனவர் என்று தெரிந்துவிட்டது. மகன் ஓடிவந்து, “எங்கல்லாம் தேடுறது ஒங்கள!” என்று வைதுகொண்டே அழுதான். பெரியவர் என் கையிலிருந்த பன்னைப் பார்த்து, “இன்னொண்ணு இருக்குமா?” என்றார். அன்றைக்கு அந்தப் போனைப் பூஜையில் வைக்கலாமா என்று தோன்றியது எனக்கு. இப்போதும் அதை நம்புகிறேன். அதை எப்படி நம்ப வேண்டும் என்று தெரிந்துகொண்ட கதைதான் இது.

தீபாவளிக்கு முந்தைய சீசன். அந்த நாட்களில் ரோட்டில் லோடு வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பில் இல்லாமல் பட்டாசு கொண்டு போகிறவர்களைப் பிடிக்க, எடைமேடைக்கு எதிரே நாங்கள் வாகனச் சோதனை போட்டிருந்தோம். நானும் இளவயதுக் காவலர் ஒருவரும். நிறுத்துகிற ஆட்களை எல்லாம் அந்தச் செயலியில் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி அன்றைக்கு மேலிடத்து உத்தரவு இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னால் ஒரு அட்டைப்பெட்டி கட்டியிருந்தார். அதனால்தான் நிறுத்தினேன்.

“அண்ணாச்சி, ஓரங்கட்டுங்க.”

“ஏட்டையா, பெட்டியில ஒண்ணுமில்ல. சாப்பாட்டுத் தூக்கும், பாப்பாவுக்கு ரெண்டு பக்கெட்டும், ஒரு கோப்பையுந்தான். பிரிச்சுப் பாத்துக்கோங்க. எனக்கு அவசரம்.”

“எங்கன வேலை?”

“விஸ்வநத்தத்துல. வீடு எம். புதுப்பட்டி.”

“அம்புட்டு அவசரம் எதுக்கு?”

“சாயந்தரம் கோயம்புத்தூர் பஸ்ஸைப் பிடிக்கணும்யா.”

பெட்டியைப் பிரித்தோம். பக்கெட்டுகள்தான் இருந்தன. சரி, உத்தரவுப்படி ஒரு படத்தையும் எடுத்துவிட்டு அனுப்புவோம் என்று போனை நீட்டினேன். அவர் நேராக நின்றார். முகம் கழுத்து எல்லாம் அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் கலக்கிற பவுடர் அது. காலையிலிருந்து அதில் கை வைத்துவிட்டு வருகிறவர் வேறெப்படி இருப்பார். நீங்களும் தெருவில் பார்த்திருக்கிறீர்கள், சாயந்தரம் வேலை விட்டு வருகிற மாமாக்களை. வெள்ளியில் முக்கி எடுத்த மாதிரி இருப்பார்கள். அவர்களில் ஒருவரையாவது யார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்களா? நடையைப் பார்த்தே, “எதிர் வீட்டு மாமா வாறாக” என்பீர்கள்.

போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டு முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது. பூட்டிய வீடுகளில் புகுந்து திருடுகிற ஒரு ஆள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் தேடப்படுகிறவன். கோர்ட் வாரண்டும் இருந்தது.

எட்டிப் பார்த்த இளைய காவலர், “ஏட்டையா, உங்களுக்குத் தீபாவளிப் பரிசு விழுந்திருச்சு” என்றார் மெதுவாக.

படத்தை உற்றுப் பார்த்தேன். அதே அகலமான நெற்றி, அதே மூக்கு. கோயம்புத்தூர் என்று அவரே வேறு சொல்லிவிட்டார். “அண்ணாச்சி, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிருங்க” என்றேன். அவர் முகத்தில் என்ன மாறியது என்று அந்தப் பவுடருக்குள் தெரியவில்லை. கண் மட்டும் என் கண்ணை விட்டு நகரவில்லை.

ஸ்டேஷனில் எங்கள் எஸ்.ஐ. அம்மா இருந்தார். சாத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்துவிட்டு, பெங்களூரு வேலையை வேண்டாம் என்று இந்தக் காக்கியைப் போட்டவர். நிதானமானவர். “லாக்கப் பக்கம் வேண்டாம். பெஞ்சுல உக்காரட்டும், தண்ணி குடுங்க” என்றார் முதலில். அப்புறம் நாற்காலியை இழுத்து அவர் எதிரிலேயே உட்கார்ந்தார்.

“கோயம்புத்தூருக்கு எதுக்குப் போறீக?”

“எம்மகளுக்கு நர்சிங் காலேஜுல எடம் கெடச்சிருக்கும்மா. நாளைக்குத்தான் கடைசி நாளு. நாளைக்குள்ள சேரலைன்னா அடுத்த பிள்ளைக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாக. சாயந்தரம் பஸ்ஸு.”

“அப்புறம் இன்னைக்கு எதுக்கு வேலைக்குப் போனீக?”

“கலந்த மருந்தை அன்னன்னைக்கே முடிக்கணும்ல. சீசன் வேற. அரைநாள் பாத்துட்டுப் போய்யான்னு போர்மேன் சொல்லிட்டாரு.”

“இதுக்கு முன்னாடி கோயம்புத்தூர் போயிருக்கீகளா?”

“இருந்திருக்கேனே. கல்யாணத்துக்கு முந்தி அங்கன ஒரு பேக்கரில வேலை பாத்தேன்.”

எனக்குள் சுருக்கென்றது. “எந்தப் பேக்கரி?” என்று கேட்டேன்.

“அதை மூடிட்டாகளே ஏட்டையா.”

அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல அது அவருக்கே எதிராகப் போய்க்கொண்டிருந்தது. கைரேகைக் கருவியைக் கொண்டுவந்தேன். கண்ணாடியில் விரலை வைத்தார். ரேகைக்குப் பதில் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல் விழுந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் தீற்றல்தான்.

அவர் போன் அடித்தது. எடுக்கட்டுமா என்பதுபோல் எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டினார்.

“அப்பா, எங்க இருக்கீக? தண்ணி காய வச்சு அது ஆறியே போச்சு!” என்று கத்தியது ஒரு பெண் குரல். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“ஸ்டேஷன்ல இருக்கேந் தாயி. என் ஆதாரை எடுத்துக்கிட்டு வா. பெட்டியையும் எடுத்துக்கிட்டே வந்துரு. இங்கனருந்து அப்படியே போயிருவோம்” என்றார், ரேஷன் கடையில் இருக்கிறேன் என்கிற மாதிரி.

எஸ்.ஐ. அம்மா கோயம்புத்தூர் ஸ்டேஷனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் பேசியவரும் என்னைப் போல ஒரு ஏட்டுதான்.

“அவனா? அவனே தானுங் இருக்கும். ஊருக்கு ஒரு பேரு வெச்சுட்டுச் சுத்தறவனுங். ஆதாரெல்லாம் காட்டினா நம்பீறாதீங். வலது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும் பாருங். எங்க ஆளுக கெளம்பி நாளைக்குக் காலைல அங்க வந்துருவாங்க. அதுவரைக்கும் உட்டறாதீங்.”

நாளைக்குக் காலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அதைக் கேட்டதும் எழுந்தார். எழுந்தவர் எங்கே போவது என்று தெரியாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஏட்டையா, என்னை வச்சுக்கோங்க. எம்புட்டு நாளு வேணும்னாலும் வச்சுக்கோங்க. பாப்பா தனியாப் போனதில்ல. அவளை மட்டும் யாராச்சும் கூட்டிக்கிட்டுப் போயி காலேஜுல விட்டுருங்க. அப்பா கையெழுத்து வேணும்னு வேற சொன்னாக” என்றார்.

நான் அவர் அருகில் குனிந்து புருவத்தைப் பார்த்தேன். வெள்ளி அப்பிய புருவத்தின் நடுவில் கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. தழும்பா, வியர்வை ஓடிய தடமா? எஸ்.ஐ. அம்மாவும் வந்து பார்த்தார். இளைய காவலர் டார்ச்சை அடித்தார். டார்ச் வெளிச்சத்தில் முகம் முழுவதும் பளபளவென்று கண்ணைக் கூசவைத்ததே தவிர ஒன்றும் பிடிபடவில்லை.

இங்கேதான் பிள்ளைகளா, உங்களுக்குச் சிரிப்பு வரும். மூன்று போலீஸ்காரர்கள், ஒரு டார்ச், ஒரு கைரேகைக் கருவி, தமிழ்நாட்டையே தேடுகிற ஒரு போன். எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

“எதுக்கும் இப்ப எடுத்த படத்தை அவுகளுக்கு அனுப்புங்க. ஆளைத் தெரிஞ்சவங்க பாக்கட்டும்” என்றார் எஸ்.ஐ. அம்மா. அனுப்பினேன்.

அதற்குள் மகள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டாள். கையில் தகரப் பெட்டி, தோளில் ஒரு பை. பதினெட்டு வயதுதான் இருக்கும். படியேறும்போதே பேச ஆரம்பித்தாள்.

“எதுக்குங்க எங்கப்பாவைத் தரையில உக்கார வச்சிருக்கீக?”

“நாங்க வைக்கலம்மா, அவரா உக்காந்துட்டாரு” என்றேன்.

விஷயத்தைச் சொன்னோம். அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “களவாணியா? எங்கப்பாவா? பக்கத்து வீட்டுல ஒரு கொடம் தண்ணி கேக்கவே கூச்சப்பட்டுக்கிட்டு என்னைய அனுப்புவாரு. இவரு பூட்டை ஒடைச்சு அடுத்த வீட்டுக்குள்ள போறாராமா!” என்றாள்.

“சும்மா இரு தாயி. அவுக வேலையை அவுக பாக்குறாக” என்றார் அவர்.

“எப்பப் பாக்குறது? பஸ்ஸு என்ன, நம்ம வீட்டு வண்டியா, நிப்பாட்டி வைக்க?”

அப்போது கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் சிரிப்புச் சத்தம். அந்த ஏட்டு யாரிடமோ, “வந்து பாருங், வந்து பாருங்” என்று சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார்.

“ஏனுங், ஆளைப் புடிச்சிருக்கோம்னு சொன்னீங்க. செலையைப் போட்டோப் புடிச்சு அனுப்பியிருக்கீங்க?”

“செலையா?” என்றேன்.

“பின்ன என்னங்? ரவுண்டானாவுல பெயின்ட் அடிச்சு நிக்க வெச்ச மாதிரியில்ல இருக்குது! மனுசனுக்கு மூஞ்சி இப்படியா இருக்கும்? எதுக்குங் வெள்ளி பூசிருக்கீங்க அவருக்கு?”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். எஸ்.ஐ. அம்மா பார்த்தார். மகளும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நிமிஷம்வரை அந்தப் பவுடர் கண்ணில் பட்டும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. நான் இந்த ஊரில் பிறந்தவன். என் அம்மாவும் அப்பாவும் இதே வெள்ளியோடுதான் வீட்டுக்கு வந்தார்கள். எஸ்.ஐ. அம்மாவுக்கு இது பக்கத்து ஊர். எங்களுக்கு அது ஒரு வேலைச் சட்டை மாதிரி. சட்டையைக் கழற்றிவிட்டு வா என்று யாரிடம் சொல்வோம்? முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் நின்றார், அதுதான் முகம் என்று நானும் படம் எடுத்துவிட்டேன். வேறு எந்த ஊர்ப் போலீஸும் இப்படிச் செய்திருக்காது.

எஸ்.ஐ. அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். “ஏட்டையா, அந்தப் பழைய படத்தைக் கவனிங்க. பிளாஷ் வெளிச்சம் கிட்டத்துல அடிச்சு மூஞ்சியே வெளிறிக் கெடக்கு. கன்னத்துல நெழலே இல்ல. நம்ம அண்ணாச்சி மூஞ்சியிலயும் நெழல் இல்ல. ரெண்டு வெள்ளையையும் ஒண்ணாச் சேத்து வச்சிருக்கு இது” என்றார். பிறகு அவரிடம், “ஏன் அண்ணாச்சி, கம்பெனியில கழுவிட்டு வரலையா?” என்று கேட்டார்.

“தொட்டியில தண்ணி இல்லம்மா. லாரி வரல. வீட்டுல போயி குளிச்சுக்கலாம்னு வந்துட்டேன்.”

“பின்னாடி டிரம்முல தண்ணி இருக்கு. போய்க் கழுவுங்க.”

“வெறும் தண்ணிக்குப் போகாதும்மா. எண்ணெய் வேணும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மகள் தகரப் பெட்டியைத் திறந்துவிட்டாள். மடித்த சுடிதார்கள், ஒரு தலையணை உறை, ஒரு சின்னக் கண்ணாடி. ஓரத்தில் ஹாஸ்டலுக்கு என்று வாங்கி வைத்த புதுத் தேங்காய் எண்ணெய் பாட்டில். சீல் பிரிக்கவில்லை. அதைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

பின்பக்கம் டிரம் அருகே அவரை உட்கார வைத்து, அவளே எண்ணெயைத் தேய்த்தாள். “கண்ணை மூடுங்கப்பா.” “மூக்கோரம் விடு தாயி, எரியுது.” “எரியட்டும். கழுவிட்டு வந்திருந்தா எரியுமா?” நானும் எஸ்.ஐ. அம்மாவும் இரண்டு பக்கமும் நின்றோம். சிரிப்பெல்லாம் போய்விட்டது. புருவம் இன்னும் வெள்ளியாகத்தான் இருந்தது. நடுவில் அந்தக் கோடும் இருந்தது. ஒருவேளை அது தழும்பாகவே இருந்துவிட்டால்? அந்தப் பெண் இதை எல்லாம் நினைக்கவில்லை. புதுச் சோப்பைப் பிரித்து, அழுத்தித் தேய்த்து, ஒரு வாளித் தண்ணீரை அவர் தலையோடு கவிழ்த்தாள்.

புருவத்தில் ஒன்றும் இல்லை. நரைத்த முடி இரண்டு இருந்தது. எஸ்.ஐ. அம்மா குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கருத்த, களையான முகம் அது. படத்திலிருந்த ஆளுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. இவருக்கு உப்பிய கன்னம். மறுபடி படம் எடுத்தேன். போன் யோசித்தது. யாரோடும் ஒத்துப்போகவில்லை என்று காட்டியது. கைரேகையும் இந்த முறை கண்ணாடியில் பதிந்தது, அதிலும் ஒன்றும் இல்லை. கோயம்புத்தூருக்குப் புதுப் படத்தை அனுப்பியதும் அந்த ஏட்டு, “அட, இவரு இல்லீங். எங்க ஆளுக்குக் காது வேற மாதிரி. பாவம், உட்டுருங். சீக்கிரம் பஸ் ஏத்தி உடுங்” என்றார். காலையில் வரவிருந்த ஆட்களை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ‘நேரில் சரிபார்க்கப்பட்டது, இவர் அவர் அல்ல’ என்று பதிவு செய்தேன். அந்த வரியை அவ்வளவு வேகமாக நான் என்றைக்கும் அடித்ததில்லை.

“ஜீப்பை எடுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுருவோம்” என்றார் எஸ்.ஐ. அம்மா.

மகள் பெட்டியைப் பூட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். “வேணாம்மா. ஜீப்புலருந்து எறங்குனா பஸ் ஸ்டாண்டே எங்கப்பாவைத்தான் பாக்கும். நாளைக்கு ஊருக்குள்ள என்னன்னு சொல்லுவாரு? நாங்க எக்ஸெல்லுலயே போயிக்கிறோம்.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் எக்ஸெல்லில் இரண்டு பேரும் தகரப் பெட்டியும் பக்கெட்டுகளும் எப்படிப் போகும்? நான் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு, அலமாரியிலிருந்த கட்டம் போட்ட சட்டையை மாட்டினேன். பெட்டியை என் பைக்கில் வைத்துக் கட்டினேன். அவர், மகளின் பையிலிருந்து தன் புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் எக்ஸெல், பின்னால் நான். பார்க்கிறவர்களுக்குப் பெண்ணை வழியனுப்பப் போகிற சித்தப்பா மாதிரி இருந்திருப்பேன்.

பஸ் கிளம்பவில்லை. கண்டக்டர் படியில் நின்று, “கோயம்புத்தூர், கோயம்புத்தூர்” என்று கூவிக்கொண்டிருந்தார். எக்ஸெல்லை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்தார் அவர். மகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளினோம். நான் இறங்கி ஓடிப்போய்க் கடையில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டிலும் ஒரு சோப்பும் வாங்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

“வேணாம் ஏட்டையா. எண்ணெய் பாதி மிச்சமிருக்கு. சோப்பும் கரைஞ்சா போச்சு?” என்றாள் அவள்.

“வச்சுக்கோம்மா. எங்களால செலவாச்சுல்ல.”

“உங்களுக்குத்தான் வேணும். இன்னும் சீசன் முடியலைல” என்றாள் சிரிக்காமல். அவள் அப்பாதான் சிரித்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீக அண்ணாச்சி. உங்களைச் சங்கடப்படுத்திட்டோம்” என்றேன் அவரிடம்.

“எதுக்கு நெனைக்கப்போறேன்? எம்பொண்டாட்டியே ஒரு நாளு ரோட்டுல என்னையத் தாண்டிப் போயிருக்கா. போனு என்ன பண்ணும்?” என்றார். பஸ் நகர்ந்தபோது அவர் மகள் பக்கம் திரும்பி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் மட்டும் அவள் தேய்க்க மறந்த இடம் மினுங்கியது.

மறுநாள் மத்தியானம் அவரே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, பாப்பா சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார். எஸ்.ஐ. அம்மா மேலிடத்துக்கு விவரமாக எழுதினார். எங்கள் பக்கத்தில் பட்டாசு வேலை பார்க்கிறவர்களைப் படம் எடுப்பதற்கு முன் முகம் கழுவ வசதி செய்ய வேண்டும் என்று. அதைத் தட்டச்சு செய்தது உங்கள் அப்பாதான். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது உள்ளே யாரும் இல்லை. எஸ்.ஐ. அம்மா ரவுண்ட்ஸ் போயிருந்தார். வாசலில் பாராக் காவலர் மட்டும் நின்றார். மறுநாள் சோதனைக்கு எடுத்துப்போகிற பை என் மேஜைக்கடியில் இருந்தது. உள்ளே ஒளிரும் மேல்சட்டை, டார்ச், குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்கிற கருவி, கைரேகைக் கருவி. நான் அந்தத் தேங்காய் எண்ணெய் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினேன். கருவிகள் மேல் கொட்டிவிடக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டேன். சோப்பையும் ஒரு பழைய துண்டையும் அதோடு சேர்த்துப் பையின் மேல்பக்கம், கையை விட்டதும் தட்டுப்படுகிற இடத்தில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.